சேவைக்கு வெளிநாடு: கேளுங்கள், சொல்கிறோம்

கல்லூரி நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப்பிலும் ‘வெளிநாட்டில் இரண்டு வாரம் தன்னார்வத் தொண்டு’ என்ற அழைப்புகள் வந்தபடி இருக்கின்றன. மே மாத விடுமுறையை ஒட்டி மதுரை வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களைச் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், என்.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறேன். நேபாள மலைக் கிராமத்தில் பதினைந்து நாள் தங்கிப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்து, அங்கே உள்ள ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கும் பயணம். விமான டிக்கெட் தனி. மற்றதற்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். “காசையும் குடுத்து கல்லும் சுமக்கணுமாடி?” என்கிறார் அம்மா. போகலாமா? (மாணவி, திருமங்கலம்)

பதில்: காசு கட்டுவது தப்பில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பதினைந்து நாள் உங்களுக்குச் சோறு போடவும், படுக்க இடம் கொடுக்கவும், மொழி தெரிந்த ஓர் ஆளைக் கூட அனுப்பவும் யாராவது செலவு செய்தாக வேண்டும். அதை அந்தக் கிராமத்தின் தலையில் கட்ட முடியாது. கேட்க வேண்டியது அந்த 60,000 எங்கே போகிறது என்பதைத்தான். சாப்பாடும் தங்கலும், உள்ளூர் வண்டி, கூட வருபவரின் சம்பளம், கட்டுமானப் பொருள், காப்பீடு, ஏஜென்சியின் ஆபீஸ் செலவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘எல்லாம் சேர்த்துத்தாம்மா’ என்று மழுப்பினால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

எங்களுக்கு உறுத்துவது ‘பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்து’ என்ற வார்த்தை. செங்கல் சுவர் பார்க்கத்தான் லேசு. கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, குமிழி வருவது நின்ற பிறகு எடுக்க வேண்டும். காய்ந்த கல் கலவையில் உள்ள ஈரத்தை உறிஞ்சிவிடும், சிமெண்டு இறுகாமல் மண்ணாக உதிரும். ஒன்பது இஞ்சு சுவருக்கு ஒரு பங்கு சிமெண்டு, ஆறு பங்கு மணல். வேலை சுலபமாகட்டும் என்று புது ஆட்கள் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கூழாக்குவார்கள். கல் வழுக்கும், தூக்குக் குண்டுக்கு நிற்காது. இரண்டு வரிசைக்கு நடுவே கலவை பத்து மில்லிமீட்டர் இருந்தால் போதும். கைப்பழக்கம் இல்லாதவர் வைத்தால் ஓரிடத்தில் ஐந்து, ஓரிடத்தில் இருபது. ஐந்தாவது வரிசையில் ரசமட்டத்துக் குமிழி ஒரு பக்கம் ஓடிவிடும். ஒரே நாளில் நாலரை, ஐந்து அடிக்கு மேல் ஏற்றினால் அடிவரிசைக் கலவை பாரம் தாங்காமல் பிதுங்கும். கட்டிய பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் விட வேண்டும். பதினைந்து நாள் குழு கிளம்பிப் போனபின் அந்தத் தண்ணீரை யார் விடுவது? நம் ஊர்க் கொத்தனாரிடம் கேட்டால், சித்தாளாக வந்தவர் கரண்டி பிடிக்க எத்தனை வருஷம் ஆனது என்று சொல்வார்.

இதெல்லாம் மதுரையில் வெறும் மோசமான சுவர். நேபாளத்தில் உயிர். 2015 ஏப்ரல் 25 அன்று அங்கே 7.8 அளவுள்ள பூகம்பம் வந்து சுமார் 9,000 பேர் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான பள்ளிக் கட்டிடங்கள் சேதமாயின. அன்று சனிக்கிழமை, விடுமுறை நாள் என்பதால்தான் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லை. அந்த மண்ணில் எழும் சுவருக்கு ஜன்னலின் அடி மட்டத்திலும் கதவு நிலையின் மேல் மட்டத்திலும் கூரை மட்டத்திலும் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓட வேண்டும். அது கூலிக்கு வரும் உள்ளூர்க் கொத்தனாரும் எஞ்சினியரும் செய்ய வேண்டிய வேலை. மணல் சலிப்பது, கல் கைமாற்றுவது, தண்ணீர் விடுவது, காய்ந்த சுவரைத் தேய்த்துச் சுண்ணாம்பு அடிப்பது, கழிப்பறைக்குக் குழி தோண்டுவது ஆகியவை உங்களுக்குச் சரி. ‘கொத்தனார் யார், எத்தனை பேர், அவர்கள் கூலியைக் கட்டணத்திலிருந்து கொடுக்கிறீர்களா?’ என்று கேளுங்கள். கொத்தனாரே இல்லை, பசங்களே கட்டுவார்கள் என்று பெருமையாகச் சொன்னால் போகாதீர்கள்.

இல்லத்தில் பாடம் எடுப்பதை நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வருகிறவர்கள் தரும் காசுக்காகவே பிள்ளைகளை ஊரிலிருந்து கூட்டிவந்து வைக்கும் இல்லங்கள் இருக்கின்றன. ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டு வந்தபோது இதையும் விவாதித்தார்கள். பதினைந்து நாளைக்கு ஓர் அக்கா வந்து கொஞ்சுவதும், போவதும், அடுத்த மாதம் வேறோர் அக்கா வருவதும் அந்தப் பிள்ளைக்கு நல்லதில்லை. உங்கள் மேல் போலீஸ் விசாரணைச் சான்று எதுவும் கேட்காமலே பிள்ளைகளோடு விடுகிறார்கள் என்றால், யாரை வேண்டுமானாலும் விடுவார்கள் என்று அர்த்தம். (சான்று கேட்டால்: பாஸ்போர்ட் அலுவலகம் தரும் பி.சி.சி. என்ற போலீஸ் சான்று சுற்றுலாவாகப் போகிறவர்களுக்குக் கிடைக்காது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் தனிநபர் விசாரணைச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள்.)

கேள்வி: மகனுக்குப் பதினேழு வயது. பள்ளிக் குழுவோடு காட்மாண்டு போகிறான். நேபாளத்துக்கு விசா வேண்டாம், ஆதார் போதும் என்கிறார்களே? (ஒரு தந்தை, மேலூர்)

பதில்: விசா வேண்டாம் என்பது சரி. ஆதார் போதாது. 15 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் உள்ளவர்களுக்குத்தான் ஆதார் செல்லும். இடையில் உள்ளவர்கள் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ காட்ட வேண்டும். உங்கள் மகனுக்கு வாக்காளர் அட்டை வாங்கும் வயது இல்லை. 15 முதல் 18 வயதுக்குள் உள்ள மாணவர்களுக்குத் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் அடையாளச் சான்றை ஏற்கிறார்கள். சாதாரண போனஃபைடு சான்று அல்ல அது. படிவம் மாறினால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள்.

எங்கள் யோசனை, பாஸ்போர்ட்டே எடுத்துவிடுங்கள். 15 முதல் 18 வயது வரை இரண்டு வழி உண்டு: 1,000 ரூபாய் கட்டினால் 18 வயது முடியும் வரை, 1,500 கட்டினால் பத்து வருஷம். இன்னும் சில மாதத்தில் 18 ஆகப்போகிறவனுக்கு 500 ரூபாயை மிச்சம் பிடிக்காதீர்கள். தாய் தந்தை இருவரும் கையெழுத்திடும் அனெக்ஷர் டி படிவம் வேண்டும். பிரிந்திருந்து ஒருவரின் சம்மதம் வாங்க முடியாவிட்டால் அனெக்ஷர் சி. பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருவது எழுத்துப் பிழையில்தான்: ஆதாரில் ‘முத்துகுமார்’, மதிப்பெண் பட்டியலில் ‘முத்துக்குமார்’, இங்கிலீஷில் ஒன்றில் ஒரு கே, இன்னொன்றில் இரண்டு. இனிஷியலை விரித்து எழுதும் இடத்தில் அப்பா பெயர் எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு நாள் குறியுங்கள்.

பணத்துக்கு நூறு ரூபாய் நோட்டாகக் கொடுத்து விடுங்கள். பெரிய நோட்டு விஷயத்தில் அங்கே விதி மாறி மாறி வந்திருக்கிறது. நம் 100 ரூபாய் அங்கே 160. 1993 முதல் இதே விகிதம்தான், கடைக்காரர் வேறு கணக்குச் சொன்னால் ஏமாற்று.

கேள்வி: காட்மாண்டிலிருந்து இன்னும் மேலே மலை ஏறிப் போகிறோம். மூச்சுத் திணறல் வருமா? (மாணவர், சோழவந்தான்)

பதில்: காட்மாண்டு சுமார் 1,400 மீட்டர், நம் கொடைக்கானலே 2,100. அதுவரை பயமில்லை. 2,500ஐத் தாண்டினால்தான் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். 3,000க்கு மேல் ஒவ்வொரு இரவும் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் படுக்கக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் தங்க வேண்டும். ஜீப்பில் ஒரே நாளில் ஏற்றிவிடும் திட்டமென்றால் தேதியை மாற்றச் சொல்லுங்கள். தலைவலியோடு நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், மருந்துக்குக் காத்திருக்காமல் உடனே இறக்கிவிட வேண்டும்.

கேள்வி: கென்யாவில் மரம் நடும் முகாமுக்குத் தேர்வாகியிருக்கிறேன். மஞ்சள் காய்ச்சல் ஊசி எங்கே போடுவது? மதுரையில் தனியார் ஆஸ்பத்திரியில் போட்டால் செல்லாதா? (மாணவி, திண்டுக்கல்)

பதில்: அரசு அங்கீகரித்த மையத்தில் போட்டு, அங்கே தரும் மஞ்சள் புத்தகத்தில் முத்திரை வாங்கினால்தான் செல்லும். உங்களுக்குப் பக்கம் தூத்துக்குடி துறைமுக சுகாதார அலுவலகம். இல்லையென்றால் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும், கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். அதனால் ஆள் சேர்த்துக் குறிப்பிட்ட நாட்களில்தான் போடுகிறார்கள்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். பலர் இங்கேதான் மாட்டுகிறார்கள்: சனிக்கிழமை ஊசி, அடுத்த வெள்ளி விமானம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். 2016 ஜூலையில் பத்து வருஷக் கணக்கை எடுத்துவிட்டார்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் போடக் கூடாது. ஊசி அங்கே போவதற்கு மட்டும் அல்ல. சான்று இல்லாமல் திரும்பி வந்தால் நம் விமான நிலையத்தில்தான் ஆறு நாள் வரை தனியே வைப்பார்கள்.

மலேரியாவுக்குத் தடுப்பூசியை நம்பிப் போகிற வழக்கம் பயணிகளுக்கு இல்லை, மாத்திரைதான். டாக்டர் டாக்ஸிசைக்ளின் எழுதினால், போவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொடங்கி, அங்கே தினமும் ஒன்று, திரும்பிய பிறகும் நான்கு வாரம். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருங்கள், இல்லாவிட்டால் நெஞ்சுக்குழி எரியும். வெயிலில் தோல் சீக்கிரம் கருகும். மரம் நடுகிறவர் முழுக்கைச் சட்டை போடுவது நல்லது. வீடு வந்ததும் ‘அதான் வந்துட்டோமே’ என்று நிறுத்துவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கிருமி கல்லீரலில் ஒளிந்திருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வரும். அந்த நான்கு வாரம் அதற்காகத்தான்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். மலேசியத் தமிழ்ப் பள்ளியில் இரண்டு மாதம் சம்பளம் இல்லாமல் கற்பிக்க ஆசை. விசா இல்லாமலே போகலாம் என்றார்கள். (வாசகர், உசிலம்பட்டி)

பதில்: ஆசை நல்ல ஆசை. அங்கே 500க்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன; மொழி தெரியாத ஊருக்குப் போய் சைகை காட்டுவதைவிட, தமிழ் படித்தவர் தமிழ் தேவைப்படும் இடத்துக்குப் போவது எவ்வளவோ மேல். ஆனால் விசா இல்லாமல் நுழைவது சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும். சம்பளம் வாங்காவிட்டாலும் வகுப்பெடுப்பது வேலைதான் என்று பல நாடுகள் பார்க்கின்றன. பள்ளியோ அங்குள்ள அமைப்போ அவர்கள் குடிநுழைவுத் துறையில் அனுமதி வாங்கிய பிறகு கிளம்புங்கள். இலங்கைக்கும் இதே பதில், மதுரையிலிருந்து கொழும்பு ஒரு மணி நேரப் பறப்புதான் என்றாலும்.

எல்லா நாடும் ஒன்றல்ல. பிரிட்டனில் சுற்றுலா விசாவில் போனவர், வந்த முக்கிய நோக்கம் வேறாக இருந்தால், பதிவு பெற்ற அறக்கட்டளையில் மொத்தம் 30 நாள் வரை தொண்டு செய்யலாம். அமெரிக்காவில் பி-1 என்ற குறுகிய கால விசாவிலேயே அங்கீகாரம் பெற்ற தொண்டு அமைப்புகளின் திட்டங்களுக்கு இடம் உண்டு. எங்கே போனாலும் கவுண்டரில் ‘சும்மா டூர்’ என்று சொல்லிவிட்டு, பையில் ‘தன்னார்வ ஆசிரியர்’ என்ற கடிதத்தை வைத்திருக்காதீர்கள். பையைத் திறந்து பார்ப்பார்கள்.

கேள்வி: ஜெர்மனியில் ஒரு வருஷத் தன்னார்வ சேவை, மாதம் பாக்கெட் மணி தருவார்கள், அதற்கு 4 லட்சம் கட்டு என்கிறார் ஏஜெண்ட். உண்மையா? (மாணவர், விருதுநகர்)

பதில்: சேவை உண்மை, 4 லட்சம் அநியாயம். எஃப்.எஸ்.ஜே. (தன்னார்வ சமூக ஆண்டு) என்பது 27 வயதுக்குள் உள்ளவர்களுக்கு, பி.எஃப்.டி. (மத்திய அரசின் தன்னார்வ சேவை) எல்லா வயதுக்கும், இரண்டாவதை, கட்டாய ராணுவ சேவையை நிறுத்திய 2011இல் கொண்டு வந்தார்கள். முதியோர் இல்லம், ஆஸ்பத்திரி, மாற்றுத் திறனாளிகள் பள்ளி போன்ற இடங்களில் முழுநேர வேலை. பாக்கெட் மணியும் மருத்துவக் காப்பீடும் அவர்களே தருவார்கள். பன்னிரண்டு மாதத்துக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு உண்டு. நடத்தும் அமைப்புகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம், அதற்குக் காசு கிடையாது. பெரிய தடை மொழி. படுக்கையில் இருக்கும் பாட்டி ‘வலிக்குது’ என்பதும் ‘தண்ணி வேணும்’ என்பதும் உங்களுக்குப் புரிய வேண்டாமா? அந்த 4 லட்சத்தில் ஒரு சிறு பங்கைச் செலவழித்து ஒழுங்காக ஜெர்மன் படியுங்கள். ஏஜெண்ட் எழுதிக் கொடுக்கும் ஆர்வக் கடிதத்தைத் தூதரக நேர்காணலில் உங்களால் விளக்க முடியாமல் போனால் விசா நின்றுவிடும்.

கேள்வி: தாய்லாந்தில் ‘டிஜிட்டல் வாலண்டியர்’. டிக்கெட், சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். போகட்டுமா? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: வேண்டாம். 2022இலிருந்து இப்படிப் போன தமிழ்ப் பிள்ளைகள் பலரை மியான்மர், கம்போடியா எல்லைப் பகுதிகளில் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்ய வைத்திருக்கிறார்கள். ஏற்கெனவே யாராவது போய் மாட்டியிருந்தால் இந்தியத் தூதரகத்துக்கும் சென்னையில் உள்ள அயலகத் தமிழர் நலத்துறைக்கும் இன்றே எழுதுங்கள்.

கேள்வி: பையில் எதை வைக்கக் கூடாது? (இதைப் பலர் கேட்டிருக்கிறீர்கள்.)

பதில்: முதலில் கசகசா. துபாய், அபுதாபி, சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் அம்மா அரைத்துக் கொடுத்த குருமாப் பொடியில் அது இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. கோடீன் கலந்த இருமல் மருந்தும் டிரமடால் மாத்திரையும் அப்படியே. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட்-அவருக்குள், 20,000 எம்.ஏ.எச். என்றால் சுமார் 74, பிரச்சினை இல்லை. கையில் இந்திய ரூபாய் 25,000 வரை, வெளிநாட்டு நோட்டு 3,000 டாலர் வரை கொண்டு போகலாம். காப்பீட்டுப் பத்திரத்தில் ‘உடல் உழைப்பு’ விலக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மம்பட்டி காலில் பட்டதற்குப் பணம் வராது.

கேள்வி: எனக்குத் தனியாக எந்தத் தொழிலும் தெரியாது. காசும் இல்லை. எப்படி ஆரம்பிப்பது? (மாணவர், வாடிப்பட்டி)

பதில்: காசில்லாத வழிகள் உண்டு. என்.சி.சி.யில் இருந்தால் டெல்லி குடியரசு தின முகாம் வழியாக இளைஞர் பரிமாற்றத்துக்குத் தேர்வு நடக்கும். ஐ.நா. தன்னார்வலர் அமைப்பில் 18 வயது முடிந்தவர்கள் வீட்டிலிருந்தே ஆன்லைனில் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு வேலை செய்யலாம். சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல் என்ற பழைய அமைப்பு, 1920இல் பியர் செரசோல் என்பவர் போரில் சிதைந்த பிரெஞ்சுக் கிராமத்தைச் சீர்செய்யத் தொடங்கியது. 1934 பீகார் பூகம்பத்துக்குப் பின் அவரே இங்கும் வந்து வேலை செய்தார். அதன் முகாம்கள் இரண்டு மூன்று வாரம். பயணச் செலவு உங்களுடையது, சோறும் இடமும் அவர்களுடையது.

தொழிலை இங்கேயே கற்கலாம். 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு கண் ஆஸ்பத்திரி தொடங்கிய ஊர் இது. கண் முகாம்களுக்குப் பஞ்சமில்லை. முகாமில் பார்வைப் பரிசோதனைக்கு உதவப் பழகினால், எந்த நாட்டுப் பள்ளியிலும் அது பயன்படும். எழுத்துத் தெரியாத பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் ‘E’ எழுத்து அட்டை: அதன் கால்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்டினால் போதும், மொழியே வேண்டாம். அட்டைக்கும் பிள்ளைக்கும் ஆறு மீட்டர், நாடாவால் அளந்து கோடு போடுங்கள். அடியால் அளந்தால் ஆளுக்கொரு தூரம் வரும். ஜன்னலுக்கு எதிரில் மாட்டினால் கண் கூசும், பக்கவாட்டு வெளிச்சம் நல்லது. முதலில் வலது கண். இடது கண்ணை உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்லுங்கள். அழுத்தினால் அடுத்து அந்தக் கண் மங்கலாகத் தெரியும், விரலால் மூடினால் இடுக்கு வழியே பார்க்கும். வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளை பதிலை மனப்பாடம் செய்துவிடும் என்பதால் வரிசையை அட்டைக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா என்று பிள்ளையின் முகத்தையே பாருங்கள். நாற்பது பிள்ளைக்கு இதைத் தப்பில்லாமல் செய்ய மூன்று நான்கு முகாம் பழக வேண்டும்.

கேள்வி: ஆப்பிரிக்கா போய் வந்து ஆறு வாரம் ஆகிறது. மகளுக்கு விட்டு விட்டுக் காய்ச்சல். இங்கே எல்லோருக்கும் வருகிற காய்ச்சல்தானே? (ஒரு தாய், மதுரை)

பதில்: இன்றே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் எந்த நாடு, எந்தத் தேதி, மாத்திரையை எப்போது நிறுத்தினாள் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். முதல் ஸ்மியரில் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவிப் பார்க்கும் சோதனையில்) மலேரியா இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் தொடர்ந்தால் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் திரும்ப எடுக்க வேண்டும்.